எதுவரைக்கும், கர்த்தாவே? வேதனை நாட்களில் புலம்பல் சங்கீதங்களை வைத்து ஜெபிக்கும் முறை

விசுவாசத்துக்குள் புதிதாக வந்தவர்களுக்கு முதல் பெரிய அடி விழும்போது, பெரும்பாலும் ஜெபம்தான் முதலில் நின்றுபோகிறது. ஒரு மரணம், தீராத வியாதி, வேலை இழப்பு, கலைந்துபோன கர்ப்பம், முறிந்த திருமணம் என்று எதுவாகவும் இருக்கலாம். சபையில் துதிக்கக் கற்றுக்கொண்டிருப்பார்கள், விண்ணப்பம் வைக்கக் கற்றுக்கொண்டிருப்பார்கள். தேவனிடம் முறையிடுவதற்கு மட்டும் யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால் வாயில் வார்த்தை வராத நாளில், தங்கள் விசுவாசமே போய்விட்டது என்று பயந்துவிடுகிறார்கள்.

வேதத்தில் இதற்கென்றே ஜெபங்கள் இருக்கின்றன. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். அவற்றைப் பாடியவர்கள் தேவன் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்துகொண்டு பாடவில்லை. அவர் முகத்தை மறைத்துக்கொண்டார், தூங்குகிறார், மறந்துவிட்டார் என்றெல்லாம் சொல்கிறார்கள். ஆனால் அதை அக்கம்பக்கத்தாரிடம் சொல்லாமல் அவரிடமே சொல்கிறார்கள். தேவன் கூடவே இருக்கிறார் என்று நம்புவதற்கு, வலி மிகுந்த காலத்தில் இதைவிட உறுதியான வழி எங்களுக்குத் தெரியாது: உணர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேச்சை அவர் பக்கமே திருப்பி வைத்திருப்பது. இயேசுவும் சிலுவையில் அப்படித்தான் செய்தார். பெரிய வெள்ளி ஆராதனையில், அவர் சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளில் நான்காவதாகத் தியானிக்கிற "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்பது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. லூக்கா எழுதியபடி அவருடைய கடைசி ஜெபமும், "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பது, 31ஆம் சங்கீதத்திலிருந்து வந்ததுதான்.

இனி முறைக்கு வருவோம்.

முன்னேற்பாடு

ஒரு வேதாகமம், ஒரு 40 பக்க நோட்டு, ஒரு பேனா போதும். பழைய மொழிபெயர்ப்பின் நடை கடினமாக இருந்தால் எளிய மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்ளலாம். கத்தோலிக்கர் கையிலுள்ள திருவிவிலியத்தில் இதே பகுதி திருப்பாடல்கள் என்ற பெயரில் இருக்கும். போனில் வாசிப்பதானால் இன்டர்நெட்டை அணைத்துவிடுங்கள். பாதி ஜெபத்தில் வாட்ஸ்அப் சத்தம் கேட்டால் மனம் திரும்பவும் உட்காராது.

நேரம் 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். துக்கத்தில் இருக்கிறவருக்கு ஒரு மணி நேர ஜெபம் என்று இலக்கு வைத்தால் மூன்றாம் நாளே விட்டுவிடுவார், விட்டதற்காகக் குற்றவுணர்வு வேறு சேர்ந்துகொள்ளும். தினமும் ஒரே நேரம், ஒரே இடம். வீட்டில் தனியிடம் இல்லாதவர்கள் மொட்டை மாடி, ஆலயத்தின் பின்பெஞ்சு, ஆஸ்பத்திரி வராந்தா என்று எதையாவது நிலையாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஜெபத்துக்கு முன் சாப்பிட்டிருக்கிறீர்களா, தூங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும், கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது, தேவதூதன் கொடுத்தது தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும். சாப்பிட்டார், திரும்பப் படுத்தார், மறுபடி எழுப்பப்பட்டுச் சாப்பிட்டார். தேவன் அவரிடம் கேள்வி கேட்டது அதற்குப் பிறகுதான், 40 நாள் நடந்து ஓரேபுக்குப் போன பின்பு (1 இராஜாக்கள் 19). துக்கத்தின் முதல் வாரங்களில் உபவாசம் எடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. உடம்பு ஏற்கெனவே உபவாசத்தில்தான் இருக்கும்.

முதல் படி: சங்கீதத்தைத் தேர்ந்தெடுங்கள்

தொடங்குகிறவர்கள் 13ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஆறே வசனம், நிதானமாக வாசித்தாலும் ஒரு நிமிடம்தான் ஆகும். புலம்பல் ஜெபத்தின் எல்லா உறுப்புகளும் அதற்குள் இருக்கின்றன: 1, 2 வசனங்களில் முறையீடு, 3, 4இல் விண்ணப்பம், 5இல் நம்பிக்கை, 6இல் பாடுவேன் என்ற பொருத்தனை, அதாவது நேர்ந்துகொள்ளும் வாக்கு. ஒரு வாரம் முழுவதும் இந்த ஒரே சங்கீதத்தில் இருங்கள். தினம் ஒன்று மாற்றினால் வாசிப்பு நடக்கும், ஜெபம் நடக்காது.

இரண்டாம் வாரம் 42, 43 இரண்டையும் சேர்த்து எடுங்கள். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்ற பல்லவி மூன்று முறை வருவதால் இரண்டும் ஒரே பாட்டு என்று தெரியும். மூன்று முறை கேட்டும் ஆத்துமா கலங்குவதை நிறுத்தவில்லை என்பதையும் கவனியுங்கள். மூன்றாம் வாரம் 77. அதன்பின் உங்கள் வலிக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்கலாம்.

வியாதியில் 6, 38, 102. இதில் 102ஆம் சங்கீதத்தின் தலைப்பில் ஆள் பெயரே கிடையாது. துயரப்பட்டு மனம் சோர்ந்த எவருக்கும் உரிய ஜெபம் அது. நெருங்கின ஒருவர் துரோகம் செய்திருந்தால் 55; கூடவே ஆலயத்துக்கு நடந்த தோழன்தான் அந்தச் சங்கீதத்தில் எதிரி. முதுமையின் தனிமையில் 71. செய்த பாவம் உறுத்தினால் 51, 130. அநியாயம் நடக்கும்போது 10, 94. இரவில் பயம் வந்தால் 3, 4. யுத்தம், கலவரம், பேரிடர் என்று ஊரே அடிபட்டிருந்தால் 44, 74, 80. இவை "நாங்கள்" என்று பேசுகிறவை, கூடி ஜெபிக்கத் தகுந்தவை. 119ஐ இந்த நாட்களில் தொடவேண்டாம். 176 வசனம், களைத்த மனது தாங்காது.

இரண்டாம் படி: மூன்று முறை, சத்தமாக

முதல் முறை சும்மா வாசியுங்கள். இரண்டாம் முறை ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னும் ஒரு மூச்சு விடுங்கள். மூன்றாம் முறை வாசிக்கும்போது எந்த வரி தொண்டையை அடைக்கிறதோ அதன் கீழ் கோடு போடுங்கள். அன்றைய ஜெபம் அந்த வரியிலிருந்து தொடங்கும். 13ஆம் சங்கீதத்தில் "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது. பலருக்குக் கோடு அங்கேதான் விழும். சிலருக்கு "என் கண்களைத் தெளிவாக்கும்" என்பதில் விழும். இரண்டும் சரிதான்.

சத்தம் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. மனதுக்குள் வாசித்தால் வேதனையின் நினைவுகள் வசனத்தைத் தள்ளிவிட்டு ஓடும். வாய் திறந்தால் காது கேட்கிறது, மனம் அந்த வரியில் நிற்கிறது. பக்கத்தில் ஆள் இருந்தால் உதடு மட்டும் அசையட்டும். சீலோவில் அன்னாள் அப்படித்தான் ஜெபித்தாள், ஆசாரியன் ஏலி அவளைக் குடித்தவள் என்று நினைத்தார்.

மூன்றாம் படி: முறையீட்டை எழுதுங்கள்

அதிகம் தடுமாறுவதும் அதிகம் பலன் கிடைப்பதும் இந்தப் படியில்தான். அவசரப்படாதீர்கள்.

நோட்டில் தேதி போடுங்கள். முதல் வார்த்தை அவரை விளிப்பதாக இருக்கட்டும்: கர்த்தாவே, ஆண்டவரே, அப்பா, உங்கள் வாய்க்கு எது வருகிறதோ அது. விளிப்பு இல்லாமல் எழுதினால் அது டைரி. விளித்து எழுதினால் ஜெபம். அதன்பின் நடந்ததை அப்படியே எழுதுங்கள். சபையில் பெரியவர்கள் ஜெபிக்கிற நடையில் எழுதவேண்டும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். "கிருபையும் இரக்கமும் நிறைந்த நல்ல ஆண்டவரே, எங்கள் கஷ்டங்களையெல்லாம் நீர் அறிவீர்" என்று தொடங்கி, எந்தக் கஷ்டம் என்று சொல்லாமலே முடித்துவிடுகிறார்கள். அந்த வாக்கியத்தில் தவறு ஒன்றும் இல்லை, ஆனால் வலி இருக்கிற இடத்தை அது தொடவில்லை. வீட்டில் பேசுகிற தமிழில் எழுதுங்கள். வாரம் இருமுறை கணவரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிற ஒருவர் இப்படி எழுதலாம்:

"ஆண்டவரே, இன்னைக்கும் விடியக்காலம் 5 மணிக்குக் கிளம்பிப் போயிட்டு ரெண்டு மணிக்குத்தான் வந்தோம். ஆட்டோவுக்கே பாதிக் காசு போயிடுது. எனக்கு அலுத்துப்போச்சு. சில நேரம் அவர்மேல எரிச்சல் வருது, அப்புறம் அதுக்காக அழறேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுபோச்சு. நீங்க பார்த்துக்கிட்டுத்தான் இருக்கீங்களா?"

இதில் ஐந்து விஷயம் இருக்கிறது: நேரம், பணம், அலுப்பு, எரிச்சல், தேவன்மேல் ஒரு கேள்வி. கடைசி இரண்டும்தான் பெரும்பாலும் விடுபட்டுப்போகும், பக்திக்கு அது அழகல்ல என்று தோன்றுவதால். 69ஆம் சங்கீதத்தில் தாவீதும் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுபோனதாகத்தான் சொல்கிறார். 44ஆம் சங்கீதம் "ஏன் நித்திரைபண்ணுகிறீர்?" என்றே கேட்கிறது. இந்த வார்த்தைகளை யாரும் வேதத்திலிருந்து எடுத்துப்போடவில்லை, தலைமுறை தலைமுறையாக ஆராதனையில் பாடினார்கள். ஆகவே கேட்கலாம்.

எழுத வரவில்லை என்றால், வலியைச் சொல்லும் காகிதம் ஏதாவது கையில் இருக்கும்: ஸ்கேன் ரிப்போர்ட், வங்கி நோட்டீஸ், வக்கீல் கடிதம், பரீட்சை முடிவு. அதை எடுத்துத் தேவசமுகத்தில் விரித்து வையுங்கள். அசீரிய ராஜாவின் மிரட்டல் கடிதம் வந்தபோது எசேக்கியா செய்தது இதுதான் (2 இராஜாக்கள் 19:14). கடிதத்தை ஆலயத்துக்குக் கொண்டுபோய் கர்த்தருக்கு முன்பாக விரித்தார், அதன்பின் வாய் திறந்தது. அதுவும் முடியாத நாளில் வெறுமனே உட்கார்ந்திருங்கள். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் எழுதுவது (ரோமர் 8:26) இப்படிப்பட்ட நாட்களுக்குத்தான்.

கோபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. யாரோ ஒருவர் உங்களுக்குத் தீங்கு செய்திருந்தால், அந்தக் கோபமும் இதே பக்கத்தில் வரட்டும். 109ஆம் சங்கீதத்தை வாசித்தால் எவ்வளவு கடுமையாகப் பேசியிருக்கிறார்கள் என்று திகைப்பீர்கள். பழிவாங்குதலை அவர் கையில் கொடுத்துவிட்டு நம் கையை எடுத்துக்கொள்வதற்கான ஜெபம் அது. அந்த நபருக்கு மெசேஜ் அனுப்புவதற்கு முன் நோட்டில் எழுதிவிட்டால், பெரும்பாலும் மெசேஜ் தேவைப்படாது.

நான்காம் படி: ஒன்றே ஒன்று கேளுங்கள்

முறையீட்டோடு நின்றுவிடாதீர்கள். 13ஆம் சங்கீதத்தின் மூன்றாம் வசனத்தில் மூன்று வினைகள் வரும்: நோக்கிப்பாரும், செவிகொடும், கண்களைத் தெளிவாக்கும். மூன்றும் தேவன் செய்யவேண்டியவை. அதுபோல இன்றைக்கு வேண்டியதை ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். பெரிய விண்ணப்பம் (முழுச் சுகம், வழக்கில் வெற்றி) ஒரு பக்கம் இருக்கட்டும். அதோடு 24 மணி நேரத்துக்குள் தெரிகிற மாதிரி ஒரு சிறிய விண்ணப்பம் வையுங்கள்: "இன்றிரவு நான்கு மணி நேரம் தூங்கவேண்டும்", "நாளை டாக்டர் சொல்வதைக் கலங்காமல் கேட்கவேண்டும்", "அண்ணனிடம் பணம் கேட்கத் தைரியம் வேண்டும்". மறுநாள் அதன் பக்கத்தில் கிடைத்ததா இல்லையா என்று குறித்துவையுங்கள். இல்லை என்பதையும் குறியுங்கள்.

ஒரே விண்ணப்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது அவிசுவாசம் என்று சிலர் சொல்வார்கள். பாடுகளின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி இயேசு கெத்செமனேயில் அதே வார்த்தைகளைச் சொல்லி மூன்றாந்தரமும் ஜெபித்தார் என்று மத்தேயு 26:44இல் இருக்கிறது. பவுலும் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். இருவருக்குமே கேட்டபடி கிடைக்கவில்லை. பாத்திரம் நீங்கவில்லை, முள் போகவில்லை. பவுலுக்கு வந்த பதில் "என் கிருபை உனக்குப் போதும்" என்பது. இதைத் தொடக்கத்திலேயே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கேட்டது கிடைக்காத நாளில், தேவன் இல்லை என்ற முடிவுக்கு அவசரமாகப் போகமாட்டீர்கள்.

ஐந்தாம் படி: நினைவுகூருங்கள்

77ஆம் சங்கீதத்தை இதற்கு வழிகாட்டியாக எடுங்கள். முதல் பாதியில் அதைப் பாடிய ஆசாப் தூக்கம் வராமல் கேள்விமேல் கேள்வி கேட்கிறார்: ஆண்டவர் தள்ளிவிட்டாரோ, இரக்கஞ்செய்ய மறந்தாரோ? 11ஆம் வசனத்தில் திரும்புகிறார், கர்த்தருடைய பழைய செயல்களை நினைக்கத் தொடங்குகிறார். அவர் நினைப்பது தன் சொந்த வாழ்க்கையில் கிடைத்த நன்மைகளை அல்ல. இஸ்ரவேல் செங்கடலைக் கடந்ததை. இதில் நமக்கு ஒரு உதவி இருக்கிறது. வலி கடுமையாக இருக்கும்போது சொந்த நன்மைகளை எண்ணச் சொன்னால் ஒன்றும் ஞாபகத்துக்கு வராது, வந்தாலும் கசக்கும். அப்போது சபை முழுவதற்கும் பொதுவான நினைவை எடுத்துக்கொள்ளுங்கள்: கடலைக் கடந்தது, சிலுவை, காலியான கல்லறை. இவை உங்கள் மனநிலையைப் பொறுத்து மாறாதவை.

அந்தச் சங்கீதத்தின் 19ஆம் வசனத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்வோம். கடலில் உமது வழி இருந்தது, உமது காலடிகள் தெரியப்படாமற்போயிற்று என்கிறது. மீட்பு நடந்த அந்த இரவிலேயே அவருடைய அடிச்சுவடு யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள்: பக்கத்தின் அடியில் இரண்டு வரி. ஒன்றில் வேதத்தில் தேவன் செய்த ஒரு காரியம். இன்னொன்றில், முடிந்தால், நேற்றிலிருந்து இன்றுவரை கிடைத்த ஏதாவது ஒரு உதவி. பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்த ரசம் அதில் இருக்கலாம். முடியாவிட்டால் இரண்டாம் வரியைக் காலியாக விடுங்கள், இட்டுக்கட்டி நிரப்பாதீர்கள்.

ஆறாம் படி: நம்பிக்கையைச் சொல்லி முடியுங்கள், முடிந்தால்

"நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று 13ஆம் சங்கீதம் திரும்புகிறது. வெளியே ஒன்றும் மாறவில்லை. எதிரி அங்கேயே இருக்கிறான். உங்களுக்கும் அந்த வசனத்தை அப்படியே சத்தமாகச் சொல்லி முடிக்க முடிந்தால் முடியுங்கள். மனம் ஒத்துழைக்காவிட்டால், "இதைச் சொன்னவரோடு சேர்ந்து நானும் சொல்லப் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். அதுவும் உண்மையான ஜெபம்.

23ஆம் சங்கீதத்தை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வோம், ஒன்றைக் கவனித்திருக்க மாட்டோம். புல்லுள்ள இடத்திலும் அமர்ந்த தண்ணீர் அருகிலும் தாவீது மேய்ப்பரைப் பற்றிப் பேசுகிறார்: அவர் மேய்க்கிறார், அவர் நடத்துகிறார். மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் நேராக அவரிடமே பேசுகிறார்: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." முடிக்கும்போது நீங்களும் இப்படி ஒரு வரியாவது அவரை நேராகப் பார்த்துச் சொல்லுங்கள்.

சில நாட்கள் திருப்பமே வராது. அந்த நாட்களுக்கு 88ஆம் சங்கீதம் இருக்கிறது. எஸ்ராகியனாகிய ஏமான் பாடியது. 18 வசனம், கடைசிவரை இருட்டு. சிநேகிதனும் தோழனும் தூரமாகிப்போனார்கள் என்பதோடு முடிந்துவிடுகிறது. நம்பிக்கையின் குரல் தொடக்கத்தில், "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிடுவதில் மட்டும் இருக்கிறது. வேதம் அதைத் திருத்தி எழுதாமல் அப்படியே வைத்திருக்கிறது. ஆகவே உங்கள் பக்கமும் சில நாள் இருட்டிலேயே முடியலாம். நோட்டை மூடிவிட்டு எழுந்து வேலையைப் பாருங்கள். மறுநாள் அதே நேரத்துக்கு வாருங்கள்.

இரவுக்கு

நடுச்சாமத்தில் விழிப்பு வந்தால் நோட்டு, விளக்கு எதுவும் வேண்டாம். ஒரே ஒரு வரியை முன்கூட்டியே மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, மூச்சை இழுக்கும்போது பாதியும் விடும்போது பாதியுமாகச் சொல்லுங்கள். 56ஆம் சங்கீதத்தின் "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" இதற்கு நன்றாகப் பொருந்தும் (துருத்தி என்பது இங்கே தோல் பை). 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்கார்ந்து, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் படுங்கள். அந்த நேரத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள், யாருக்கும் போன் பண்ணாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் மட்டும் இந்த விதி பொருந்தாது. அதைக் கீழே சொல்கிறோம்.

எங்கே தவறுகிறது, ஏன்

வாக்குத்தத்த வசனத்தை மட்டும் பிடித்துக்கொள்வது. புது வருஷ ஆராதனையில் கொடுக்கிற அட்டையில் எரேமியா 29:11 அடிக்கடி வரும்: தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று ஐந்தாம் வசனம் சொல்கிறது. டிசம்பருக்குள் எல்லாம் சரியாகும் என்று அந்த வசனத்தை வாசித்தவர்கள் ஜனவரியில் உடைந்துபோகிறார்கள். அட்டையில் வந்த வசனத்தின் அதிகாரம் முழுவதையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

அழக்கூடாது என்று நினைப்பது. துக்க வீட்டில், "விசுவாசிகள் அழலாமா?" என்று கேட்கிறவர்கள் 1 தெசலோனிக்கேயர் 4:13ஐக் காட்டுவார்கள். நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கியாதிருங்கள் என்றுதான் அங்கே இருக்கிறது. துக்கமே வேண்டாம் என்று இல்லை. லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் இயேசு கண்ணீர் விட்டார், சில நிமிடத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே. கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானுக்காகத் தேவபக்தியுள்ளவர்கள் மிகவும் துக்கங்கொண்டாடினார்கள். மோசேக்காக இஸ்ரவேலர் 30 நாள் அழுதார்கள். அடக்க ஆராதனை முடிந்த மறுவாரமே சிரித்த முகத்தோடு பாடல்குழுவில் நிற்கவேண்டும் என்று யாரும் உங்களை நெருக்க இடம் கொடுக்காதீர்கள்.

"என்ன பாவம் செய்தேன்?" என்று தோண்டிக்கொண்டே இருப்பது. தெளிவாகத் தெரிந்த பாவம் இருந்தால் 51ஆம் சங்கீதத்தை வைத்து அறிக்கையிடுங்கள், அதோடு விடுங்கள். தெரியாத பாவம், முன்னோர் சாபம் என்று தேடி அலைவது வேதனையை இரண்டு மடங்காக்கும். பிறவிக் குருடனைக் காட்டி யார் பாவம் செய்தது என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று இயேசு சொன்னார் (யோவான் 9:3). உம்மை மறக்கவில்லை, ஆனாலும் இதெல்லாம் எங்கள்மேல் வந்தது என்று 44ஆம் சங்கீதமும் சொல்கிறது. பாவத்துக்குத்தான் துன்பம் என்று அடித்துப் பேசிய யோபின் சிநேகிதர்களைப் பார்த்து, நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தர் கோபப்பட்டார்.

அடியைச் சிலுவை என்று சுமப்பது. வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடம், பொறுத்துக்கொள், அது உன் சிலுவை என்று சொல்லப்படுவதுண்டு. அது தவறான போதனை. சவுல் ராஜா ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி, அன்றிரவே தப்பி ஓடினார். ஓடிக்கொண்டேதான் சங்கீதங்களைப் பாடினார். பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். இந்தியாவில் பெண்களுக்கான உதவி எண் 181.

மற்றபடி, இரண்டு நாள் நோட்டு எழுதாமல் விட்டால் விட்டதை ஈடுசெய்ய முயலவேண்டாம். அன்றைய தேதியில் தொடங்குங்கள்.

சபையிலிருந்து விலகாதீர்கள்

வேதனையில் ஆலயத்துக்குப் போகவே பிடிக்காது. பாட்டின் சத்தமும், "எப்படி இருக்கீங்க?" என்ற கேள்வியும் தாங்காது. ஆராதனை தொடங்கிய பிறகு போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்து, முடிவதற்கு முன்பே வந்துவிடலாம். பாட முடியாவிட்டால் நின்றால் போதும், மற்றவர்கள் உங்களுக்காகவும் பாடுகிறார்கள். ஆனால் திருவிருந்தை, நற்கருணையை, தவறவிடாதீர்கள். உணர்வே இல்லாத நாளிலும் அப்பம் கையில் வைக்கப்படுகிறது, உங்களுக்காகப் பிட்கப்பட்டது என்று இன்னொருவர் வாயால் சொல்லப்படுகிறது.

ஒரே ஒருவரைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஜெபக்குறிப்பாகப் போடுவதைவிட, வாய் காக்கத் தெரிந்த ஒரு ஆளிடம் விவரமாகச் சொல்வது நல்லது. கேட்பதையும் தெளிவாகக் கேளுங்கள்: "புத்திமதி வேண்டாம்க்கா. வாரம் ஒருநாள் வந்து என்கூட 13ஆம் சங்கீதம் வாசிச்சிட்டுப் போங்க, போதும்."

அப்படிக் கூப்பிடப்பட்டவர் நீங்களானால், யோபின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் செய்ததைச் செய்யுங்கள், எட்டாம் நாள் செய்ததைச் செய்யாதீர்கள். ஏழு நாள் இராப்பகல் கூடத் தரையில் உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாய் திறந்தபின்தான் எல்லாம் கெட்டது. தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற ரோமர் 8:28ஐத் துக்க வீட்டு வாசலில் சொல்லாதீர்கள். அது சத்தியம்தான், ஆனால் பாதிக்கப்பட்டவர் தாமாக ஒருநாள் சொல்லவேண்டிய சத்தியம். சாப்பாடு கொண்டுபோங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுங்கள், மூன்றாம் மாதமும் போங்கள். மூன்றாம் மாதம் யாரும் வரமாட்டார்கள்.

மருத்துவரிடம் எப்போது

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் தூக்கமோ பசியோ இல்லாவிட்டால், எதிலும் மனம் ஒட்டாமல் அன்றாட வேலையே செய்ய முடியாமல் போனால், மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு ஆகாது. சர்க்கரைக்குச் சாப்பிடுகிறவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. மாத்திரையை ஜெபக்கூட்டத்தில் யாரோ சொன்னார்கள் என்று திடீரென நிறுத்தாதீர்கள். கொடுத்த மருத்துவரைக் கேட்டே குறையுங்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் நேரம் காலம் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.

பாரம் குறையத் தொடங்கும்போது

ஒருநாள் முறையீட்டுப் பகுதி தானாகச் சுருங்கியிருக்கும். அப்போது 30ஆம் சங்கீதத்துக்கும் 116க்கும் மாறுங்கள். இரண்டும் குழியிலிருந்து ஏறிவந்தவர்களின் நன்றி. நோட்டை முதல் பக்கத்திலிருந்து ஒருமுறை வாசியுங்கள், சிறிய விண்ணப்பங்களின் பக்கத்தில் குறித்தவற்றைப் பாருங்கள். கேட்டும் கிடைக்காதவற்றை அடிக்காதீர்கள். மறுபடி ஒரு அலை வந்தால், குறிப்பாக நினைவுநாளிலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் வரும், பின்னோக்கிப் போய்விட்டோம் என்று பதறாமல் 13க்குத் திரும்புங்கள்.

சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் சொல்லுங்கள். ஆனால் ஜெயம் வந்த கதையை மட்டும் சொல்லாமல், 88ஆம் சங்கீதத்தோடு முடிந்த நாட்களும் இருந்தன என்று சொல்லுங்கள். எவ்வளவு காலம் இருந்தன என்றும் சொல்லுங்கள். இன்னும் பதில் வராத யாராவது அந்தக் கூட்டத்தில் இருந்தால், ஆராதனை முடிந்ததும் உங்களைத் தேடி வருவார்கள். அவர்களுக்குக் கொடுக்க ஒரு 40 பக்க நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.